ஊசி போடாதவன் கணக்கு

பேஸ்பாலைப் பற்றித் தமிழில் பதிவு போட்டால் படிக்க நாலு பேராவது வருவார்களா என்று தெரியவில்லை. கிரிக்கெட் என்றால் திட்டுவதற்காவது ஆள் வரும். ஆனாலும் ரெண்டு வாரமாக மண்டைக்குள் குடைந்து கொண்டிருக்கும் விஷயம். எழுதி இறக்கி வைத்தால்தான் தூக்கம் வரும் போலிருக்கிறது. பொறுத்தருள்க.

பேஸ்பால் விதிகளை எல்லாம் விளக்கி அறுக்கப் போவதில்லை, பயப்படாதீங்க. ஒரே ஒரு சமாச்சாரம் தெரிந்தால் போதும். மட்டையால் அடித்த பந்து நேராக வேலியைத் தாண்டிப் போனால் அது ஹோம் ரன். நம்ம ஊர் சிக்ஸர் மாதிரி, ஆனால் அதைவிட அபூர்வம். ஒரு அணி ஒரு சீசனில் 162 ஆட்டம் ஆடும். அத்தனை ஆட்டத்திலும் சேர்த்து ஒருத்தர் 30 ஹோம் ரன் அடித்தாலே பெரிய ஆளு. 1927-ல் பேப் ரூத் 60 அடித்தார். 1961-ல் ராஜர் மாரிஸ் 61 அடித்தார். அதற்கப்புறம் 37 வருஷம் யாராலும் அதைத் தொட முடியவில்லை.

1998-ல் ஒரே சீசனில் ரெண்டு பேர் தாண்டினார்கள். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணியின் மார்க் மக்வயர் 70. சிகாகோ கப்ஸ் அணியின் சாமி சோசா 66.

நான் அப்போது கைக்குழந்தை. எல்லாம் யூட்யூப் புண்ணியத்தில் பார்த்ததுதான். செப்டம்பர் 8-ம் தேதி மக்வயர் 62-வது ஹோம் ரன் அடிக்கிறார். ஸ்டேடியமே எழுந்து நிற்கிறது. மகனைத் தூக்கிக் கொஞ்சுகிறார். எதிரணியில் ஆடிக் கொண்டிருந்த சோசா ஓடி வந்து கட்டிப் பிடிக்கிறார். மாரிஸ் 1985-லேயே புற்றுநோயில் இறந்து விட்டார். அவருடைய பிள்ளைகள் அன்று காலரியில் இருந்தார்கள். மக்வயர் அங்கே போய் அவர்களையும் அணைத்துக் கொள்கிறார். பேஸ்பால் தெரியாத எனக்கே கண் வேர்த்தது.

இந்தக் கொண்டாட்டத்துக்கு முன்கதை ஒன்று உண்டு. 1994-ல் வீரர்கள் ஸ்டிரைக் செய்து சீசன் நடுவிலேயே நின்று போனது, இறுதித் தொடரான வேர்ல்ட் சீரிஸே ரத்தானது. 'கோடீஸ்வரர்கள் ரெண்டு கோஷ்டியா அடிச்சுக்கறாங்க, நமக்கென்ன' என்று ஜனங்கள் வெறுத்துப் போனார்கள். 1995-ல் ஆட்டத்துக்கு வரும் கூட்டம் சராசரியாக 20 சதவீதம் குறைந்தது. அந்தக் கூட்டத்தைத் திரும்பக் கூட்டி வந்தது 1998-ன் ஹோம் ரன் மழைதான் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அந்த வருஷம் ஆகஸ்டிலேயே ஒரு நிருபர், ஏ.பி. செய்தி நிறுவனத்தின் ஸ்டீவ் வில்ஸ்டைன், மக்வயரின் லாக்கரில் ஒரு பாட்டிலைப் பார்த்து எழுதி விட்டார். ஆண்ட்ரோஸ்டீன்டையோன். உடம்புக்குள் போய் டெஸ்டோஸ்டிரோனாக மாறும் சரக்கு. ஒலிம்பிக்கில் தடை, அமெரிக்கக் கால்பந்தில் தடை, பேஸ்பாலில் மட்டும் தடை இல்லை. கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். ஊரே திருவிழா மூடில் இருந்ததால், அடுத்தவன் லாக்கரை எட்டிப் பார்த்தவன் என்று திட்டு வாங்கியது நிருபர்தான். ஆண்ட்ரோ விற்பனையோ எகிறியது. (2004-ல்தான் அமெரிக்க அரசு அதை நிறுத்தியது.) அந்த சீசன் உட்பட ஸ்டீராய்டு எடுத்தேன் என்று மக்வயரே வாய் திறந்து சொன்னது 2010 ஜனவரியில். காயம் ஆறத்தான் எடுத்தேன் என்றார். சோசா நீண்ட காலம் மறுத்து வந்தார். 2024 டிசம்பரில், காயத்திலிருந்து மீளச் செய்தவற்றில் தவறுகள் நடந்ததாகவும் ஆனால் சட்டத்தை மீறவில்லை என்றும் பட்டும் படாமல் ஒரு கடிதம் விட்டார்.

நான் வேலை பார்ப்பதும் செயின்ட் லூயிஸில்தான். எங்க டீமில் டெஸ்டிங் பார்க்கும் ஒரு நாற்பது வயசுக்காரர், தீவிர கார்டினல்ஸ் ரசிகர். ஒருநாள் காபி குடிக்கும்போது மெதுவாக 1998 பற்றிக் கேட்டேன். "எங்கப்பாவை அழுது நான் பார்த்ததே ரெண்டு தடவைதான். ஒண்ணு பாட்டி செத்தப்ப. இன்னொண்ணு அந்த 62. இப்ப அந்த அழுகையை நான் என்ன பண்றது?" என்றார். என்னிடம் பதில் இல்லை. காபி ஆறியதுதான் மிச்சம்.

சரி, இந்த ஸ்டீராய்டு உடம்புக்குள் போய் என்னதான் பண்ணுகிறது? பொட்டி தட்டுபவன் பாஷையில் சொல்கிறேன். ஆபீஸ் ஏசியில் தெர்மோஸ்டாட் இருக்கிறதல்லவா, அறை குளிர்ந்தால் மெஷினை நிறுத்தும், சூடேறினால் ஓட்டும். ஆண் உடம்பில் டெஸ்டோஸ்டிரோனுக்கும் அதே ஏற்பாடு. மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் அளவு குறைந்தால் விதைப்பைக்கு 'தயாரி' என்று ஆர்டர் அனுப்பும். போதுமென்றால் நிறுத்தும். இப்போது வெளியிலிருந்து ஊசி வழியாகக் கொட்டினால் என்ன ஆகும்? சரக்கு ஏகத்துக்கு இருக்கிறது என்று ஆர்டர் நின்று போகும். ஆர்டர் இல்லாத தொழிற்சாலை சுருங்க ஆரம்பிக்கும். உபரி டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு ஈஸ்ட்ரோஜனாக மாறுவதால் ஆணுக்கு மார்பு வளர்வதும் உண்டு. ஊசியை நிறுத்தினால் தொழிற்சாலை மறுநாளே திறந்து விடாது. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் வெறுமை. அந்த இடைவெளியில் அசதி, எரிச்சல், சிலருக்கு ஆழமான மனச்சோர்வு. அதிலிருந்து தப்பிக்க மறுபடியும் ஊசி.

மற்றதெல்லாம் சத்தமில்லாமல் நடக்கும். நல்ல கொலஸ்ட்ரால் இறங்கும், கெட்டது ஏறும். இதயத்தின் சுவர் தடிக்கும். மாத்திரையாக விழுங்கும் ரகங்கள் பல ஈரலைப் பதம் பார்க்கும். தசை வேகமாகப் பெருக்கும், ஆனால் அதை எலும்போடு கட்டி வைத்திருக்கும் தசைநாண் அதே வேகத்தில் பலப்படாது. மாடு மட்டும் பெருத்து விட்டது, கட்டிய கயிறு பழைய கயிறுதான். வளரும் பையன்கள் எடுத்தால் எலும்பு நுனியில் இருக்கும் வளர்ச்சிப் பகுதி சீக்கிரமே மூடிக் கொண்டு, உயரமும் அங்கேயே நின்று விடும்.

இதற்கு முகம் வேண்டுமென்றால் கென் காமினிட்டி. சான் டியேகோ அணிக்காரர். 1996-ல் நேஷனல் லீகின் மிகச் சிறந்த வீரர் என்று எம்.வி.பி. விருது வாங்கியவர். தோள்பட்டை கிழிந்த நிலையில் ஆடிய சீசன் அது. 2002-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகையிடம், ஆமாம், ஸ்டீராய்டு எடுத்துத்தான் ஆடினேன் என்று முதன்முதலில் பகிரங்கமாகப் போட்டு உடைத்த பெரிய நட்சத்திரம் அவர்தான். தன் உடம்பு சொந்தமாக டெஸ்டோஸ்டிரோன் சுரப்பதையே கிட்டத்தட்ட நிறுத்தி விட்டது என்பதையும் மறைக்கவில்லை. 2004 அக்டோபரில் 41 வயதில் இறந்து போனார். நேரடிக் காரணம் கொக்கெய்னும் ஓபியேட்டும் சேர்ந்த விஷம். அடைப்பு விழுந்த ரத்தக் குழாய்களும் வீங்கிப் போன இதயமும் துணைக் காரணங்கள் என்று பிரேதப் பரிசோதனை சொன்னது. எந்தப் பங்கு எதனால் என்று பிரித்துச் சொல்ல நான் ஆளில்லை.

இங்கே வழக்கமான கேள்வி வரும். 'மருந்து எப்படிங்க பந்தைப் பார்த்து அடிக்கும்? அதுக்குக் கண்ணு வேணும், கை வேணும், திறமை வேணும்.' சரிதான். நான் ஸ்டீராய்டு போட்டுக் கொண்டு மட்டையைத் தூக்கினால் மட்டைதான் பறக்கும். ஆனால் ஏற்கெனவே அடிக்கத் தெரிந்தவன் கதையே வேறு. டஃப்ட்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் பேராசிரியர் ரோஜர் டோபின் 2008-ல் ஒரு கணக்குப் போட்டார். தசை 10 சதவீதம் கூடினால் மட்டையின் வேகம் சுமார் 5 சதவீதமும், பந்து கிளம்பும் வேகம் சுமார் 4 சதவீதமும் கூடும். பூ இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வேலிக்கு முன்னால் பத்தடியில் பிடிபடும் பந்துகள் ஏராளம். அவற்றில் ஒரு பகுதி தாண்டினாலே ஹோம் ரன் எண்ணிக்கை 50 சதவீதம், அதற்கு மேலும் ஏறி விடும் என்கிறது கணக்கு. விளிம்பில் கொஞ்சம் தள்ளினால் மொத்தமும் சரியும்.

வரலாறும் அதையேதான் காட்டுகிறது. 1998-க்கு முன் 60 என்பது ரெண்டே தடவை. 1998-லிருந்து 2001-க்குள், நாலே சீசனில், ஆறு தடவை. மக்வயர் ரெண்டு, சோசா மூணு, 2001-ல் 73 அடித்த பாரி பாண்ட்ஸ் ஒண்ணு. அதற்கப்புறம் 60-ஐ அடுத்துப் பார்க்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது, ஆரோன் ஜட்ஜ் 62 அடிக்கும் வரை.

இதுவரை சொன்னதெல்லாம் கூகுளாண்டவரிடம் கேட்டால் கிடைக்கும். என்னைத் தூங்க விடாதது இனிமேல்தான் வருகிறது.

1994. ஃப்ளோரிடாவில் ஃபோர்ட் மயர்ஸ் மிராக்கிள் என்று ஒரு அணி. மினசோட்டா ட்வின்ஸ் அணியின் கீழ்நிலைப் பயிற்சி அணி. இங்கே ஆடுபவர்கள் ஒவ்வொரு படியாக ஏறி மேஜர் லீகுக்குப் போக வேண்டும். கீழே சம்பளம் மாதம் ஆயிரம் டாலர் அளவில். மேலே லட்சங்கள். அந்த வருஷம் மேஜர் லீகில் 28 அணி, அணிக்கு 25 பேர். ஆக மொத்த உலகத்துக்கும் 700 சீட்டு. ஐ.ஐ.டி. எல்லாம் ஜுஜுபி.

அந்த அணியில் நாலு பிட்சர்கள், அதாவது பந்து எறிபவர்கள். எல்லோரும் வலது கை, ஏறக்குறைய ஒரே வயது, ஒரே மாதிரித் திறமை. இவர்களைப் பற்றி 2012-ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்டில் டாம் வெர்டூச்சி எழுதினார். நாலு பேரில் மூணு பேர் ஸ்டீராய்டைத் தொடவில்லை. டான் நால்ட்டி என்ற ஒருவர் மட்டும் எடுத்தார். ஆறரை அடி உயரம், ஒல்லிப்பிச்சான் உடம்பு. ஐம்பது பவுண்டுக்கு மேல் எடை ஏறியது, பந்தின் வேகமும் ஏறியது. 1996-ல் மேஜர் லீகுக்குப் போய் விட்டார். 1999-ல் நியூயார்க் யாங்கீஸோடு வேர்ல்ட் சீரிஸ் வென்ற அணியிலும் இருந்தார். மற்ற மூணு பேரில் ஒருத்தர் கூட மேஜர் லீகில் ஒரு பந்து எறியவில்லை.

நால்ட்டியை இங்கே வில்லனாக்கவில்லை. பிற்பாடு விசாரணைக்கு வந்தவர்களிடம் மனம் திறந்து பேசிய வெகு சில வீரர்களில் அவர் ஒருவர். தன்னால் இடம் இழந்தவர்களை நினைத்து வெளிப்படையாக வருந்தினார். நான் யோசிப்பது அந்த மூணு பேரை. அவர்களுக்கு ஈரல் கெடவில்லை. இதயம் வீங்கவில்லை. எந்த மருத்துவ அறிக்கையிலும், எந்தச் சாதனைப் பட்டியலிலும் அவர்களுடைய நஷ்டம் ஏறவே ஏறாது. நேர்மையாக இருந்ததற்குக் கிடைத்தது, முப்பது வயதுக்குள் பையைக் கட்டிக்கொண்டு வேறு வேலை தேடியதுதான். தாங்கள் தோற்றது திறமைக்கா மருந்துக்கா என்று உறுதியாகத் தெரிந்து கொள்ளவும் வழி கிடையாது. அதுதான் கொடுமையின் உச்சம் என்று எனக்குப் படுகிறது.

இதை அந்தக் காலத்திலேயே ஒருத்தர் சொன்னார். ரிக் ஹெல்லிங், டெக்சாஸ் ரேஞ்சர்ஸ் அணியின் பிட்சர். அதே 1998-ல் 20 ஆட்டம் ஜெயித்துக் கொடுத்தவர். அந்த டிசம்பரில், ஹோம் ரன் போதை இறங்காத நேரத்தில், வீரர்கள் யூனியனின் நிர்வாகக் கூட்டத்தில் எழுந்து பேசினார். ஸ்டீராய்டு பெரிய பிரச்சினையாகி விட்டது, எடுக்க விரும்பாதவர்களையும் எடுத்தாக வேண்டும் என்ற நிலைக்குத் தள்ளுகிறது என்பதுதான் அவர் பேச்சின் சாரம். யாரும் பெரிதாகக் காதில் போட்டுக் கொள்ளவில்லை. அடுத்தடுத்த வருஷமும் எழுந்து அதையே சொன்னார்.

ஏன் கேட்கவில்லை? யூனியனுக்கு முதலாளிகள் மேல் துளி நம்பிக்கை இல்லை. சிறுநீர் சோதனை என்றால் தனியுரிமை போச்சு, நாளைக்கு அதை வைத்தே நம் ஆளை மிரட்டுவார்கள் என்று பயம். தொழிற்சங்கம் அப்படி யோசிப்பதில் நியாயமும் உண்டு. முதலாளிகளுக்கோ ஸ்டேடியம் நிரம்புகிறது, கல்லா நிரம்புகிறது. 1991-லேயே அப்போதைய கமிஷனர் ஃபே வின்சென்ட் ஸ்டீராய்டு கூடாது என்று சுற்றறிக்கை விட்டிருந்தார். சோதனை இல்லாத தடை, காவலாளி இல்லாத கேட்டு மாதிரி.

சோதனை முதன்முதலாக வந்தது 2003-ல். அதுவும் பெயர் வெளியிடாமல், தண்டனை இல்லாமல், கணக்கெடுப்புக்காக. 5 சதவீதத்துக்கு மேல் மாட்டினால் அடுத்த வருஷத்திலிருந்து நிஜச் சோதனை என்று ஒப்பந்தம். அப்போது நடந்த ஒரு கூத்தைப் படித்து விட்டு நாற்காலியிலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன். சிகாகோ வைட் சாக்ஸ் வீரர்கள் பத்துப் பதினைந்து பேர், சோதனைக்கே போக மாட்டோம் என்று மறுத்து விடலாமா என்று யோசித்தார்கள். மறுத்தால் 'பாசிட்டிவ்' என்று கணக்கில் வரும். அப்படியாவது 5 சதவீதம் தாண்டி நிஜச் சோதனை வந்து தொலையட்டும் என்று! கடைசியில் யூனியன் சமாதானப்படுத்தி அனுப்பியது. தப்புச் செய்யாதவன் தன்னைத் தப்புச் செய்தவன் பட்டியலில் சேர்க்கச் சொல்கிற அளவுக்கு அவர்களுக்கு வெறுத்துப் போயிருந்தது. (5-லிருந்து 7 சதவீதம் வரை மாட்டியதால் 2004-ல் சோதனை வந்தது. முதல் தடவை மாட்டினால் அப்போது வெறும் சிகிச்சை, கவுன்சலிங்தான் என்பது தனிக் காமெடி.)

இந்த அழுத்தம் மேலிருந்து கீழே வழிந்தபடியே போகும். டெக்சாஸில் பிளேனோ என்ற ஊரில் டெய்லர் ஹூட்டன் என்ற பள்ளிக்கூடப் பையன், 17 வயது பிட்சர். உடம்பை ஏற்றினால்தான் அணியில் நிலைக்கலாம் என்று ஒரு கோச் சொன்னாராம். ரகசியமாக ஸ்டீராய்டு எடுத்தான். பிறகு நிறுத்தினான். 2003 ஜூலையில் தற்கொலை செய்து கொண்டான். ஸ்டீராய்டை நிறுத்திய பின் வந்த மனச்சோர்வுதான் காரணம் என்று பெற்றோர் நம்புகிறார்கள். ஒரு உயிர் போனதற்கு ஒற்றைக் காரணத்தை யாரும் அடித்துச் சொல்ல முடியாது, உண்மைதான். ஆனால் 2005 மார்ச் 17 அன்று அந்த அப்பா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் உட்கார்ந்து சாட்சி சொன்னார். எங்கள் பிள்ளைகள் உங்களைப் பார்த்துத்தான் வளர்கிறார்கள் என்று நட்சத்திரங்களைக் குற்றம் சாட்டினார். அதே நாள் அதே குழு முன் வந்த மக்வயர், பழசைப் பேச நான் வரவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ரஃபேல் பால்மெய்ரோ விரலை நீட்டி, நான் எடுத்ததே இல்லை என்றார். ஆகஸ்டில் அவர் ஸ்டானசலால் எடுத்ததாகச் சோதனையில் மாட்டி 10 நாள் தடை வாங்கினார்.

'எல்லாரும் எடுத்துக்கட்டுமே, அனுமதிச்சுட்டா சமமாயிடுமே' என்று ஒரு கட்சி உண்டு. என் நண்பர்களிலும் உண்டு. அனுமதித்தால் என்ன ஆகும்? எல்லோரும் எடுத்தால் யாருக்கும் ஆதாயம் இல்லை, 700 சீட்டு 700 சீட்டாகவேதான் இருக்கும். வாசலில் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் மட்டும் ஈரலும் இதயமும் ஆகி விடும். அந்தக் கட்டணத்தை முதலில் கட்டப் போவது பதினாறு வயசுப் பையன்கள்.

இப்போது நிலைமை தேவலாம். 2014-லிருந்து முதல் தடவை மாட்டினால் 80 ஆட்டம் தடை, ரெண்டாவது தடவை முழு சீசன் 162, மூணாவது தடவை ஆயுள் தடை. இன்னும் மாட்டுகிறார்கள்தான். 2022-ல் ஃபெர்னாண்டோ டடீஸ் ஜூனியர் மாதிரிப் பெரிய நட்சத்திரமே 80 ஆட்டம் வெளியே உட்கார்ந்தார். ஆனால் எடுக்காமல் ஆடினால் பிழைக்கவே முடியாது என்று ஒரு பையன் நினைக்க வேண்டிய நிலை இல்லை. சோதனையின் உண்மையான பலன் அதுதான். திருடனைப் பிடிப்பது ரெண்டாம் பட்சம்.

2007 டிசம்பரில் செனட்டர் ஜார்ஜ் மிட்சல் கொடுத்த 409 பக்க அறிக்கையில் 89 வீரர்கள் பெயர் இருந்தது. பாண்ட்ஸ் 762 ஹோம் ரன் அடித்து எல்லாக் காலத்துக்கும் முதலிடம். ஆனாலும் பத்து வருஷம் ஓட்டெடுப்பு நடந்தும், தேவையான 75 சதவீதம் கிடைக்காமல் 2022-ல் ஹால் ஆஃப் ஃபேம் வாசலிலேயே நின்று விட்டார். அந்தக் காலம் முழுக்க கமிஷனராக இருந்து, ஸ்டேடியம் நிரம்பியதைப் பார்த்துக் கொண்டிருந்த பட் சீலிக் 2017-ல் உள்ளே போய் விட்டார். எடுத்தவர்களுக்குக் கோடிகள் கிடைத்தன, கெட்ட பெயரும் கிடைத்தது. வேடிக்கை பார்த்தவர்களுக்கு மாலை கிடைத்தது. அந்த மூணு பேருக்கு எதுவுமே கிடைக்கவில்லை.

24 வயசு, மாசம் ஆயிரம் டாலர், பக்கத்து ரூம்காரன் வேகம் ஏறிக் கொண்டே போகிறது, சோதனை கிடையாது, கேட்பாரும் கிடையாது. அந்த நாலு பேரில் நான் யாராக இருந்திருப்பேன் என்று எத்தனை தடவை யோசித்தாலும் சத்தியம் பண்ணத் தைரியம் வரவில்லை. நீங்க?

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் டாக்டர் எழுதித் தரும் ஸ்டீராய்டு வேறு குடும்பம். இதைப் படித்து விட்டு அதை நிறுத்தித் தொலைக்காதீங்க மக்களே :-)